ஒரு பெட்டி, இரண்டு பாயிண்டர்

டீபக்கரில் ஒரு பெரிய ஸ்ட்ரக்சரை முழுதாக அச்சிட்டு மேலிருந்து கீழாக ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். கிள்ளானிலும் கோலாலம்பூரிலுமாக ஏறக்குறைய முப்பது வருஷம் இந்தத் தொழிலில் கிடந்தவன் சொல்கிறேன். கட்டளைகளை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். கேள்வியைச் சுருக்கிக் கேட்கப் பழகத்தான் வருஷங்கள் பிடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990களின் நடுவில். வெஸ்ட்போர்ட்ஸ் 1994இல் இயங்கத் தொடங்கியிருந்தது. கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றி லோரிகளும் கண்டெய்னர் டிப்போக்களும் பெருகிக்கொண்டிருந்தன. பண்டமாரான் பக்கம் காலிப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் டிப்போக்களுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கடைவீட்டு மாடியில் ஆபீஸ், கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. ஒரே ஒரு சன் இயந்திரம், அதைப் பங்குபோட்டுக்கொள்ள ஆறேழு டெர்மினல். எழுதியது சி மொழியில்.

டிப்போ என்றால் முதலில் பிளாக். பிளாக்குக்குள் பே, அதற்குள் ரோ, அதற்குள் டியர், அதாவது தரையிலிருந்து எத்தனையாவது அடுக்கு என்பது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஸ்லாட் ஸ்ட்ரக்சர். அதில் பெட்டியின் பதிவுக்கு ஒரு பாயிண்டர், மேல் ஸ்லாட்டுக்கு ஒன்று, கீழ் ஸ்லாட்டுக்கு ஒன்று. பெட்டியின் பதிவில் கப்பல் கம்பெனி, எடை, வந்த தேதி, லோரிக்காரர் விவரம். பெட்டியில் கண்ட பழுதுகள் தனியே ஒரு லிங்க்டு லிஸ்ட். ஒரு ஸ்லாட்டை அச்சிடச் சொன்னால் 24 வரித் திரை போதாது. அதில் பாதி, வேறெங்கோ போகும் முகவரிகள்.

எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆபீஸ் முழுக்க அவருக்கு அண்ணன்தான் பெயர். நான் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்து நிற்பார்.

"என்ன தம்பி பார்க்கிறே?"

"ஸ்லாட்டைப் பார்க்கிறேன் அண்ணே."

"எந்த ஸ்லாட்? அதுல எந்த ஃபீல்டு? அதுல என்ன இருக்கணும்னு நீ நினைக்கிறே? முதல்ல பேப்பர்ல எழுது. அப்புறம் அடி."

எழுதாமல் அடித்தால் திட்டுவார். காரணம் பிறகுதான் விளங்கியது. மதிப்பைத் திரையில் பார்த்துவிட்டால் மனசு அதற்குத் தக்க ஒரு கதையைக் கட்டிவிடும். "சரியாத்தானே இருக்கு" என்று தோன்றிவிடும். முன்கூட்டியே 7 என்று எழுதிவைத்துவிட்டு 9 வந்தால் சமாளிக்க வழியில்லை. இன்றுவரை என் மேசையில் ஒரு தாள் கட்டு இருக்கும்.

அப்போது நாங்கள் பயன்படுத்திய டீபக்கர் டிபிஎக்ஸ், சன் கம்பைலரோடு காசு கொடுத்து வாங்கியது. 1997இல் மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்தது. டாலருக்கு 2.50ஐ ஒட்டி இருந்த விலை 4ஐத் தாண்டியது; 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டிப்போட்டார்கள். டாலரில் கட்டவேண்டிய லைசென்ஸ் எல்லாம் முதலாளி கண்ணுக்கு உறுத்தத் தொடங்கியது. "இலவசமா ஒண்ணு இருக்காமே" என்று அவரே வந்து கேட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் தொடங்கிய ஜிடிபி அப்படித்தான் எங்கள் ஆபீசுக்குள் வந்தது. மிமோஸ் நடத்திய ஜாரிங் இணைய இணைப்பில், டெலிபோன் லைன் வழியாக இறக்கினோம். பொருளாதார நெருக்கடியால் எனக்கு நடந்த ஒரே நல்லது அது.

ஜிடிபியில் என்னை முதலில் மயக்கியது ஒரு சின்ன விஷயம். நீங்கள் அச்சிடும் ஒவ்வொரு மதிப்புக்கும் அது $1, $2 என்று எண் கொடுத்து வைத்துக்கொள்ளும். வெறும் $ என்றால் கடைசியாகப் பார்த்தது. பழுதுகளின் லிஸ்டில் முதல் பதிவை அச்சிட்டுவிட்டு "பி *$.நெக்ஸ்ட்" என்று ஒருமுறை அடித்தால் அடுத்த பதிவு வரும். அதன்பின் வெறும் என்டர் தட்டினால் போதும். முந்தைய கட்டளையே திரும்ப ஓடும். $ ஒவ்வொரு தடவையும் ஒரு படி நகர்ந்திருக்கும். என்டர், என்டர், என்டர் என்று லிஸ்டின் கடைசிவரை நடந்துவிடலாம். நடக்கும்போதே கணக்கு வைத்துக்கொள்வேன். நான்கு பழுதுள்ள பெட்டியில் ஐந்தாவது என்டருக்கும் ஒரு பதிவு வந்தால், லிஸ்ட் எங்கோ வளைந்து தன்னையே தொடுகிறது. பழைய எண்களைக் கொண்டே கேட்கலாம்: $3இல் உள்ள முகவரியும் $7இல் உள்ளதும் ஒன்றா? ஒன்று என்று சொன்னால் வளையம் அங்கே.

பெட்டி எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் கண்டெய்னர் எண் 11 எழுத்து: நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. 10இல் தொடங்கி, 11, 22, 33 மூன்றையும் தாண்டிப் போகும். பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து மிச்சத்தை எடுத்தால் கடைசி இலக்கம். மிச்சம் 10 என்றால் 0. இதைத் துறைமுகத்தில் மனக்கணக்காகப் போடும் ஆட்கள் இருந்தார்கள்.

எங்கள் பதிவில் அந்த எண்ணுக்குச் சரியாக 11 பைட்தான் ஒதுக்கியிருந்தது. முடிவைக் குறிக்கும் சுழியத்துக்கு இடமில்லை. அடுத்த பைட்டிலேயே பெட்டியின் அளவுக் குறியீடு தொடங்கிவிடும். இந்த அமைப்பு தெரியாமல் எழுதப்பட்ட ஒரு தேடல் ஃபங்ஷன் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. எந்தப் பெட்டியைக் கேட்டாலும் இல்லை என்றது. "பி" போட்டுப் பார்த்தால் தேடும் எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. "எக்ஸ்/எஸ்" போட்டு அதே முகவரியைப் பார்த்தால் எண்ணுக்குப் பின்னால் அளவுக் குறியீடும் ஒட்டிக்கொண்டு 15 எழுத்தாக வந்தது. "பி" பதிவின் வடிவத்தை அறிந்து 11இல் நிறுத்திக்கொள்கிறது. "எக்ஸ்/எஸ்" சுழியம் கிடைக்கும்வரை ஓடுகிறது. தேடல் ஃபங்ஷனும் அப்படித்தான் ஓடியது. புரோகிராம் எந்தக் கண்ணால் பார்க்கிறதோ அந்தக் கண்ணால் நாமும் பார்க்கவேண்டும் என்று அண்ணன் அன்று சொன்னார்.

1990களின் கடைசியில் கொஞ்ச காலம் பெட்டாலிங் ஜெயாவுக்கு மாறினேன். மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்று 1996 முதல் ஊரெல்லாம் பேச்சு. சைபர்ஜெயாவில் செம்பனைத் தோட்டங்களை வெட்டிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காகப் பழைய நிதித்துறைப் புரோகிராம்களைத் தோண்டும் வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பாலும் சலிப்பான வேலை. ஆனால் ஒரு கோர் ஃபைல், அதாவது விழுந்த புரோகிராமின் மெமரிப் பிரதி, மட்டும் மறக்காது.

இரவு ஓடும் புரோகிராம் ஒன்று சில நாட்களில் விழும், சில நாட்களில் விழாது. வாடிக்கையாளர் பதிவுகளை வரி வரியாகப் படித்து, சாய்கோட்டை வைத்து 12 துண்டாக வெட்டும். துண்டுகளுக்கு 12 பாயிண்டர் கொண்ட ஒரு வரிசை, ஸ்ட்ரக்சரில் அதற்கு அடுத்தபடியே எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை. கோரைத் திறந்து எண்ணிக்கையை அச்சிட்டேன். பல கோடியில் ஓர் எண். இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தால் குப்பை என்று ஒதுக்கக் கூடாது. "பி/எக்ஸ்" போட்டுப் பதினாறடிமான எண்ணாகப் பார்க்கவேண்டும். பார்த்தால் அது ஒரு முகவரி. அந்த முகவரியில் என்ன எழுத்து என்று கேட்டேன். கிளைக் குறியீடு வந்தது, பதிவின் கடைசித் துண்டு. ஆகப் பதின்மூன்றாவது துண்டு ஒன்று பிறந்து, இடமில்லாமல் எண்ணிக்கையின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? 12 துண்டையும் வரிசையாக அச்சிட்டேன். இரண்டாவது துண்டில் ஒரு பெயரும் "ஏ" என்ற எழுத்தும். மூன்றாவதில் "எல்" என்ற எழுத்தும் அப்பா பெயரும்.

மலேசியத் தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் அடையாளக் கார்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் நிற்கும் ஏ/எல், ஏ/பி. மலாய்க்காரர் பெயரில் பின் என்றோ பிந்தி என்றோ வரும், சாய்கோடு வராது. சீனர் பெயரிலும் வராது. இந்தியர் பெயர் வந்த ராத்திரியில் மட்டும் புரோகிராம் விழுந்தது. டீமில் இருந்த மற்றவர்கள் ஒரு வாரமாக டிஸ்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவருக்கு ஏன் என்று புரியவில்லை.

அதன்பின் திரும்பக் கிள்ளான் பக்கம், கண்டெய்னர் வேலைக்கே வந்தேன். சன் போய் லினக்ஸ் வந்திருந்தது, சி போய் சி பிளஸ் பிளஸ். இந்த மாற்றம் எழுதுகிறவர்களுக்குச் சுகம், டீபக் செய்கிறவர்களுக்குக் கஷ்டம். முன்பு நாமே செய்த லிங்க்டு லிஸ்ட், நமக்கு அதன் எலும்பு தெரியும். இப்போது எல்லாம் நூலகத்தின் மேப், வெக்டர். பெட்டி எண்ணிலிருந்து பதிவுக்குப் போகும் மேப் ஒன்றில் ஒன்பது பெட்டி இருக்கும். அதை ஜிடிபி 6இல் அச்சிட்டால் ஒரு பெட்டி எண்கூடத் திரையில் வராது. தலைக் கணு ஒன்று, அதன் நிறம் சிவப்பு, அதன் பெற்றோர் முகவரி, இடது முகவரி, வலது முகவரி, மொத்தம் 9. அவ்வளவுதான். மேப் என்பது உள்ளே ஒரு சிவப்பு-கறுப்பு மரம். ஜிடிபி மரத்தைத்தான் காட்டியது, காயை நாமே பறிக்கவேண்டும்.

பறிக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு கணுவிலும் முதலில் நிறமும் மூன்று முகவரியும், அதை ஒட்டி உடனே நம் மதிப்பு. ஆகவே கணுவின் பாயிண்டரோடு ஒன்றைக் கூட்டி, அதை நம் வகைக்கு மாற்றி அச்சிட்டால் பெட்டி எண் வந்துவிடும். இடது பக்கமாகவே இறங்கிக்கொண்டு போனால் வரிசையில் முதல் பெட்டி. இதை ஜிடிபியின் தொடக்கக் கோப்பில் சின்னச் சின்ன மேக்ரோவாக எழுதிவைத்துக்கொண்டோம். பின்னர் பிவெக்டர், பிமேப் என்றெல்லாம் முழுத் தொகுப்பாகவே இணையத்தில் கிடைத்தன; எடுத்துப் போட்டுக்கொண்டோம். கம்பைலர் பதிப்பு மாறும்போது சிலது உடையும். மேக்ரோவை நம்பி மரத்தை மறந்தவர்கள் அன்றைக்குத் திண்டாடினார்கள்.

அந்த வருஷங்களில்தான் நாற்பது அடிப் பெட்டி எங்களைப் படாதபாடு படுத்தியது. இருபது அடிப் பெட்டிக்கு ஒரு ஸ்லாட் போதும். நாற்பது அடி இரண்டு ஸ்லாட்டைப் பிடிக்கும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஸ்லாட் இரண்டின் பாயிண்டரும் ஒரே பதிவைக் காட்டும். லோரியில் ஏற்றி வெளியே அனுப்பும்போது பதிவை விடுவித்து, இரண்டு பாயிண்டரையும் வெறுமையாக்கவேண்டும். ஏதோ ஒரு வழியில் ஒன்று மட்டும் வெறுமையாகிறது. மற்றது, இல்லாத பதிவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பாதிப் பெட்டி நிற்கிறதென்று திரை சொல்லும். டிப்போவில் போய்ப் பார்த்தால் தரையில் ஒன்றும் இருக்காது.

அந்தப் பதிவை டீபக்கரில் பார்த்தபோது எடை சரி, தேதி சரி, கப்பல் கம்பெனி சரி. பதிவின் தொடக்கத்தில் நிற்கும் பெட்டி எண்ணில் முதல் எட்டு எழுத்து மட்டும் குப்பை, கடைசி மூன்று இலக்கம் அப்படியே. யாராவது மேலே எழுதிக் கெடுத்திருந்தால் இப்படிச் சுத்தமாக எட்டோடு நிற்காது. 32 பிட் லினக்ஸில் விடுவிக்கப்பட்ட துண்டின் முதல் எட்டு பைட்டில், சி நூலகம் தன் கணக்குக்காக இரண்டு முகவரியை எழுதிவைத்துக்கொள்வது உண்டு. மீதியைத் தொடாது. அந்த எட்டு பைட்டை இரண்டு முகவரியாகப் பார்த்தோம். இரண்டும் நூலகத்தின் எல்லைக்குள்ளேயே விழுந்தன. பதிவு செத்துப்போனது, பிணம் இன்னும் கெடவில்லை. இப்படி ஓர் அடையாளம் இருப்பது தெரிந்தவனுக்கு அது அரை நிமிட வேலை. தெரியாதவன் எடையும் தேதியும் சரியாக இருப்பதைப் பார்த்துப் பதிவு உயிரோடிருக்கிறது என்றே நினைப்பான்.

யார் விடுவித்தார் என்பது அடுத்த கேள்வி. விடுவிக்கும் எங்கள் ஃபங்ஷனில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, அதோடு கட்டளைகளைக் கட்டிவிட்டோம்: பெட்டி எண்ணை அச்சிடு, யார் கூப்பிட்டார் என்ற வரிசையை அச்சிடு, நிற்காமல் தொடர்ந்து ஓடு. வெளியீட்டைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போனால் சாயங்காலம் ஒரு பட்டியல் கிடைக்கும். மழைக்காகப் பெட்டியை இடம் மாற்றும் வழியில் ஒரு குறுக்குப் பாதை இருந்தது. அது இருபது அடிக்கு மட்டும் யோசித்து எழுதப்பட்டது. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் நின்று நின்று பார்த்திருந்தால் இது கிடைத்திருக்காது. ஒரே ஸ்ட்ரக்சரை ஆழமாகப் பார்ப்பது ஒரு திறமை. பல நூறு தடவை ஓடும் ஒன்றை மேலோட்டமாகப் பார்த்துப் பட்டியல் போடுவது வேறு திறமை. பலருக்கு முதலாவது வருகிறது, இரண்டாவது தோன்றுவதே இல்லை.

சாயங்காலங்களில் பிரிக்ஃபீல்ட்சில் பகுதிநேரமாகத் தமிழ் வேலையும் செய்துகொண்டிருந்தேன். துன் சம்பந்தன் சாலையில் லிட்டில் இந்தியா வளைவுகள் எழும்புவதற்கு முந்தைய காலம். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்து, கணினித் தமிழ் பற்றி நம்மவரிடையே ஒரு வேகம் இருந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே பிறந்தது. தமிழ் தட்டச்சு என்றால் எங்களுக்கு அதுதான். ஆனால் கடைக்குக் கடை, சங்கத்துக்குச் சங்கம் பழைய எழுத்துருக் கோப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தேடக்கூடியதாக்கித் தருவதுதான் என் வேலை.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் கோமதி என்ற அம்மாள் இருமுறை வந்தார். ஒரு கோமதி சந்தா கட்டியிருந்தார், இன்னொரு கோமதி பாக்கி வைத்திருந்தார். "ஐயா, ரெண்டும் நான்தான், பணம் கட்டி ரசீது வெச்சிருக்கேன்" என்று நேரில் வந்து காட்டினார். மேப்பில் ஒரே பெயர் இரண்டு சாவியாக இருக்க முடியாது. திரையில் இரண்டும் கோமதி, ஒரு புள்ளி வித்தியாசமில்லை. ஜிடிபியில் போய் இரண்டு பெயரின் நீளத்தையும் கேட்டேன். ஒன்று 15 பைட், மற்றது 18.

அந்தக் கால ஜிடிபிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணாக, முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டுக் காட்டும். எல்லோரும் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அன்று அதுதான் விளக்கு. முதல் பெயர் 340 256 225, பிறகு 340 257 213. அதாவது க, அடுத்து ஓகாரக் குறி ஒரே துண்டாக. இரண்டாவது பெயரில் க அதேதான். அதன்பின் 340 257 207, அதன்பின் 340 256 276. ஏகாரக் குறி தனி, கால் தனி. பழைய எழுத்துருவில் கோ என்பதை இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்றாக அடித்திருக்கிறார்கள். எழுத்துருவை மாற்றும் புரோகிராம் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் தள்ளிவைத்தது. கொம்பையும் காலையும் சேர்க்கவில்லை. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். பைட்டை ஒப்பிடும் மேப்புக்கு அது தெரியாது. எல்லாப் பெயரையும் உள்ளே வாங்கும் வாசலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றியதும் கோமதியம்மாள் ஒருவரானார்.

கௌரிகள் அவ்வளவு சுலபமாக ஒத்துவரவில்லை. ஔகாரக் குறியின் வலப் பக்கத்துக்குப் பலர் ளகரத்தையே அடித்திருந்தார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோடு கணக்கில் இரண்டும் சமமும் இல்லை. ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக்கு என்று விதி போட்டால் வெள்ளையம்மாள் கெட்டுப்போவார். அந்தப் பெயர்களை மட்டும் அச்செடுத்துச் சங்கத்துச் செயலாளரிடம் கொடுத்துச் சிவப்புப் பேனாவால் திருத்தி வாங்கினோம். இன்றைய ஜிடிபி தமிழை அழகாகத் தமிழாகவே காட்டும். தமிழ் தேடலில் ஏதாவது குழப்பம் வந்தால் நான் இன்னும் பைட்டாகத்தான் பார்க்கிறேன்.

2006இல் வந்த ஒரு கோரைப் பற்றியும் சொல்லவேண்டும். டிப்போவிலிருந்து கோர் வந்தது. எங்களிடம் இருந்த புரோகிராம் அதற்குப் பிந்தைய கட்டு, அதாவது பில்ட். இடையில் யாரோ பெட்டிப் பதிவில் எடைக்கு முன்னால் நான்கு பைட் ஃபீல்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஜிடிபி திறக்கும்போதே, கோரும் புரோகிராமும் பொருந்தாமல் இருக்கலாம் என்று எச்சரித்தது. அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? எல்லா மதிப்பும் ஏதோ அர்த்தமுள்ளவை போலவே வந்தன. ஒரு பெட்டியின் எடை மட்டும் 20060914 கிலோ. அது எடையில்லை, தேதி. ஒரு ஃபீல்டு நகர்ந்து நிற்கிறோம் என்று அந்த ஓர் எண்ணில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கட்டுக்கும், டீபக் விவரம் நீக்காத பிரதி ஒன்றை எண் போட்டுப் பூட்டிவைக்கிறோம். ஜிடிபி 8.1 வந்தபின் "பிடைப்/ஓ" என்று கேட்டால் ஸ்ட்ரக்சரில் எந்த ஃபீல்டு எந்த பைட்டில் தொடங்குகிறது, நடுவில் எங்கே ஓட்டை என்று அச்சிட்டுக் கொடுக்கிறது. இரண்டு கட்டின் அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முன்பு விரல் விட்டு எண்ணினோம்.

பெரிய திருப்பம் 2009 அக்டோபரில் வந்த ஜிடிபி 7.0. பைத்தானை உள்ளே கொண்டுவந்தார்கள். இந்த வகையை இப்படிக் காட்டு என்று நாமே அச்சுநிரல் எழுதிப் பதிந்துவிடலாம். அடுத்த வருஷமே கம்பைலரோடு மேப், வெக்டருக்கான அச்சுநிரல்களும் சேர்ந்து வந்துவிட்டன. எங்கள் பழைய மேக்ரோக்களுக்கு ஓய்வு கொடுத்தோம். சொந்த ஸ்ட்ரக்சர்களுக்கு நாங்கள் எழுதியவற்றில் ஒரு விதியை மட்டும் கெடுபிடியாக வைத்தேன்: அச்சுநிரல் மெமரியைப் படிக்கலாம், புரோகிராமின் எந்த ஃபங்ஷனையும் கூப்பிடக் கூடாது. ஓடுகிற புரோகிராமில் கூப்பிட்டால் வேலை செய்யும், சொகுசாகவும் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கையில் இருப்பது கோர் ஃபைல். அதில் கூப்பிட உயிருள்ள புரோகிராம் கிடையாது. முடியாது என்று ஜிடிபி கைவிரித்துவிடும்.

200க்கு மேற்பட்ட உறுப்புகளை ஜிடிபி தானாக அச்சிடாது, மூன்று புள்ளி போட்டு நிறுத்திவிடும். ஒரே மதிப்பு தொடர்ந்து வந்தால் இத்தனை தடவை என்று சுருக்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் முதல் காரியமாக இந்த வரம்பை எடுத்துவிடுகிறார்கள். நான் வேண்டுமென்றே 20க்குக் குறைத்து வைத்திருக்கிறேன்.

2013 நவம்பர் 15 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடைமுறைக்கு வந்தது. அதுவரை கோர் ஃபைலை நாங்கள் பிழையின் படமாகத்தான் பார்த்தோம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமூட்டரில் கேஎல் சென்ட்ரல் வரை போவோம், வீட்டில் திறந்து பார்ப்போம். ஆனால் கோர் என்பது விழுந்த நொடியில் மெமரியில் இருந்த எல்லாம். லோரி டிரைவரின் 12 இலக்க அடையாளக் கார்டு எண், அதன் முதல் ஆறு இலக்கத்தில் பிறந்த தேதி, கைப்பேசி எண், எல்லாம் உள்ளே. இப்போது கோர் வாடிக்கையாளரின் சர்வரை விட்டு நகர்வதில்லை. நாங்கள்தான் உள்ளே போய்ப் பார்க்கிறோம், பார்த்தது பதிவாகிறது. எங்கள் அச்சுநிரல்களில் அடையாளக் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும். "எக்ஸ்" போட்டால் மொத்தமும் தெரியும் என்பது உண்மைதான். அந்த அனுமதி டீமில் இரண்டு பேருக்கு மட்டும்.

இப்போது வரும் பிள்ளைகள் எடிட்டருக்குள்ளேயே எல்லாம் செய்கிறார்கள். பாயிண்டரின் மேல் மவுஸை வைத்தால் மரம் விரிகிறது. எனக்கு அதில் கோபமில்லை. வாடிக்கையாளரின் சர்வரில் கறுப்புத் திரை மட்டும்தான் கிடைக்கும் என்பதால் கட்டளைகளையும் கற்றுவைக்கச் சொல்கிறேன். கிள்ளானைச் சேர்ந்த ஒரு பெண் போன வருஷம் சேர்ந்தார். ஸ்லாட் அச்சுநிரலைப் பார்த்துவிட்டு, "சார், இது ஏன் கீழ் அடுக்கை முதல்ல காட்டுது? ஸ்டேக்கர் ஓட்டுறவங்க பார்க்கிற மாதிரி மேலேருந்து காட்டலாமே" என்று கேட்டார். நாங்கள் ஸ்ட்ரக்சரில் உள்ள வரிசையையே காட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பே-யை எடுத்தால் அதன் குறுக்குவெட்டே திரையில் தெரியும்படி எழுதினார்: மேல் அடுக்கு மேலே, தரை கீழே, காலி இடத்துக்கு ஒரு புள்ளி, நாற்பது அடிப் பெட்டி நிற்கும் இரண்டு பே-யிலும் ஒரே குறி. பெட்டிப் பதிவில் புது ஃபீல்டு சேர்ப்பவர் இந்த அச்சுநிரலையும் கூடவே திருத்தவேண்டும். இல்லாவிட்டால் கட்டு வெளியே போகாது.

அதை ஓடவிட்ட முதல் வாரத்திலேயே ஒரு பெட்டி, அடியில் எதுவும் இல்லாமல், மூன்றாம் அடுக்கில் நின்றது. அதற்குக் கீழே இரண்டு புள்ளிகள். ஒரு மாட்யூல் அடுக்கை 0இலிருந்து எண்ணுகிறது, இன்னொன்று 1இலிருந்து; பெட்டியை இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எண்ணாகப் பார்த்தால் 3 என்பது செல்லுபடியாகும் அடுக்குதான், அதனால் எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை. அன்று மாலைக்குள் திருத்தி அனுப்பினோம்.